மாவு வளையமும் மீனலோசினியும்

மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியில் மாவட்டத்திலேயே முதல் பரிசு. அதுவும் அண்ணனுடைய பார் வைத்த சைக்கிளில், பெடலுக்கு எட்டாத காலோடு. வேதியியல் வாத்தியார் மாற்றலாகிப் போய், பதிலுக்கு ஆள் வராத வருடத்தில் பிளஸ் டூ வேதியியலில் முழு மதிப்பெண். முகம் நிறைய அம்மைக் கொப்புளத்தோடு தனி அறையில் உட்கார்ந்து பரீட்சை எழுதி, எம்.எஸ்ஸி.யில் இரண்டாவது இடம். பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பிய பிறகு ஒரு கல்யாணப் பேச்சை நிறுத்தியதோடு நில்லாமல், அந்தப் பேச்சைக் கொண்டுவந்த பெரியப்பாவையே கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கத் துணைக்குக் கூட்டிப்போனது.

இவ்வளவையும் கைலாசம் சொல்லி முடிப்பதற்கும் ரப்பர் ஸ்டாம்பில் பசை காய்வதற்கும் சரியாக இருக்கும். தாலுகா அலுவலகத்துக்குப் போகிற வழியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே வரவேண்டிய அளவில் அவன் கடை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் சங்கரன்கோவிலில் எந்த அதிகாரியின் பெயரும் பட்டமும் அவன் கண்ணில் இடவலமாகத் திரும்பி நின்று, சரிபார்க்கப்பட்ட பிறகுதான் ஊருக்குள் செல்லுபடியாகும். சீல் கேட்டு நிற்பவர் நடுவில் கனைத்தால், “காயுது வே, காயட்டும். அவ எம்.எஸ்ஸி. படிச்ச கதைய இன்னும் சொல்லலைலா” என்பான்.

அவள், அவனுடைய தங்கை கோ. மீனலோசினி. ராஜபாளையம் சாலையில் உள்ள ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெளிநாட்டுக்குப் போகிற முருங்கைக்கீரைப் பொடி, மிளகாய்ப் பொடி, எலுமிச்சைத் தோல் எல்லாம் அங்கே வந்து, தமக்குள் என்ன இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகே கப்பல் ஏறும்.

வேலை வேறு, வீடு வேறு என்பது அவளுக்குத் தெரியாது. குடத்தில் தண்ணீர் மொண்டால் முதல் மடக்கைக் கீழே ஊற்றுவாள். டீக்கடையில் டீ வாங்கினாலும் அப்படித்தான். “மொத சொட்டு போகட்டும்ணே. குழாய்ல பழசு நிக்கும்.” டீக்கடைக்காரர் அப்துல்லா, “எங்கிட்ட ஏது தங்கச்சி குழாய், நான் வடிகட்டியில்லா வச்சிருக்கேன்” என்று கேட்டுப் பார்த்துவிட்டு, இப்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு மடக்கு கூடுதலாகவே ஊற்றுகிறார்.

வடிகட்டுவது அவளுக்கு விரதம் மாதிரி. கூடத்தில் எந்தத் திரவமும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள சவ்வில் வடியாமல், எதில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் இயந்திரத்துக்குள் போகக் கூடாது. அந்தக் கை வீட்டுக்கு வந்து ரசத்தையும் விடுவதில்லை. “பருப்பு, தக்காளி, மல்லி எல்லாத்தையும் வடிச்சிட்டியே. இதென்ன ரசமா, சாமிக்குத் தீர்த்தமா?” என்று அம்மா நெல்லையம்மாள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறாள். மீனலோசினி அடுத்த கரண்டியை வடிகட்டுகிறாள்.

குமிழி என்றால் ஆகாது. இயந்திரத்தின் மெல்லிய குழாயில் ஒரு குமிழி புகுந்தால் அன்றைய வேலை பாழ் என்பதால், குமிழி எங்கே தென்பட்டாலும் அவள் விரல் அதைத் தட்டி விரட்டும். வாசுதேவநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்த வீட்டார் முன்னால் கலர் சோடா தம்ளரை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகத்தால் தட்டித் தட்டி, கடைசிக் குமிழி மேலே வந்து உடையும்வரை யாரையும் குடிக்க விடவில்லை. மாப்பிள்ளையின் தாயார், “இது உங்க பக்கத்துச் சடங்கா?” என்று கேட்க, நெல்லையம்மாள் கண் இமைக்காமல், “ஆமா, எங்க மாமியார் காலத்துலேருந்து” என்றாள்.

அந்த வீட்டார் சம்மதம் கேட்டு அனுப்பியபோது மீனலோசினி சொன்னது, “பேஸ்லைன் வரட்டும்ணே.” எதற்கும் இதுதான் அவள் பதில். பொடியைக் கரைத்த சாற்றை இயந்திரத்துக்குள் செலுத்துமுன் திரையில் ஒரு கோடு ஓடும். அது காற்றில்லாத நேரத்துக் குளத்துத் தண்ணீர்போல அசையாமல் கிடக்கவேண்டும். கோடு ஆடுகிறபோது எதைச் செலுத்தினாலும் வருவது பொய். அந்தக் கோட்டுக்குப் பெயர் பேஸ்லைன். இதைத் தரகருக்கு விளங்கவைக்கக் கைலாசத்தால் முடியவில்லை. “சரி, அவரு வந்தபெறகு சொல்லி அனுப்புங்க” என்று தரகர் எழுந்து போனார்.

தங்கையின் வேலை என்னவென்று கைலாசத்துக்கே ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஒருமுறை ஆடித்தபசு சமயத்தில் கோயில் பிரகாரத்துப் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நேர்ந்துகொண்டு பிரகாரத்தைத் திரும்பத் திரும்ப வலம்வரும் ஆடிச்சுற்றுக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

“நல்லாப் பாரு. எல்லாரும் ஒரே வாசல்ல ஒண்ணா நுழையுதாங்க. சில பேரு தூணுக்குத் தூணு நின்னு கும்பிடுதாங்க. சில பேரு எங்கயும் நிக்காம ஓடுதாங்க. அங்கன மறுமுனையில உக்காந்து, யாரு எப்பம் வாராங்கன்னு பாத்தா, யாரு என்ன ஆளுன்னு சொல்லிரலாம். என் மெஷின்ல ஒரு இரும்புக் குழாய் இருக்கு. அதான் பிரகாரம். கீரைச்சாறுதான் கூட்டம். அம்புட்டுதான் என் வேல.”

“அப்பம் வாசல்ல நின்னு ஆள் எண்ணுதே” என்றான் கைலாசம். “இதுக்கா ரெண்டு டிகிரி?”

“சவத்த, முழுசாக் கேளேன். அந்தா ரெண்டு பேரு வாராங்கன்னு வச்சுக்கோ. ரெட்டப்பிள்ள. ஒரே எடை, ஒரே நடை, நிக்கிற தூணும் ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்தே வெளிய வந்தா ஒரு ஆளுன்னுதானே தெரியும்?”

“ஆமா.”

“ஒரே வித்தியாசம். ஒருத்தி கொடத்தத் தலையில வச்சிருக்கா. இன்னொருத்தி இடுப்புல வச்சிருக்கா. இப்பம் கூட்டத்துக்குள்ள நான் நாலஞ்சு சக்கர நாற்காலிய உருட்டி விடுதேன். தலையில கொடம் வச்சவ நாற்காலியில கச்சிதமா உக்காந்துருவா. தூணு, சாமி எதுலயும் நிக்காம நேர வாசலுக்கு வந்துருவா. இடுப்புல வச்சவளுக்குக் கொடம் இடிக்கும், உக்கார முடியாது. அவ தூணு தூணா நின்னு பையத்தான் வருவா. பிரிஞ்சாச்சா?”

கைலாசம் பிரகாரத்தைப் பார்த்துவிட்டு, “நாற்காலி எதுல செஞ்சது?” என்று கேட்டான். எந்தப் பொருளானாலும் அது எதில் செய்தது என்பதுதான் அவனுக்கு முதல் கேள்வி.

“மாவுல.”

அதுதான் சைக்ளோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோள மாவிலிருந்து எடுக்கிற வெள்ளைப் பொடி. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு வளையம், நடுவில் ஓட்டை. வளையத்தின் வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். ஓட்டையின் உள்பக்கம் எண்ணெய்த் தன்மையுள்ளதை இழுத்து உட்காரவைக்கும். நெல்லையம்மாள் இதைக் கேட்டுவிட்டு, “உளுந்தவடைன்னு சொல்லுட்டி. வெளிய தண்ணிக்கு நல்லவன், உள்ள எண்ணெய்க்கு நல்லவன். நம்ம சித்தப்பா குணம்லா” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு வடை என்றே பெயர்.

அந்த நாற்காலியில் உட்காரவேண்டியவர்கள் பீனாலிக் சேர்மங்கள். நெல்லிக்காய் துவர்ப்பதும், நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இவற்றின் கைங்கரியம்தான். முருங்கைக்கீரையில் இவை கூட்டமாக இருக்கின்றன. அவற்றில் இரண்டு, அச்சு அசல் ஒரே அணுக்கள், ஒரு கை மட்டும் இடம் மாறியவை. கூடத்தில் பல வருடங்களாக இரண்டும் சேர்ந்தே ஒரு மலைபோலத் திரையில் எழும்பும். சேர்த்தே ஒரு கணக்காக எழுதி அனுப்புவார்கள். மீனலோசினி மாவு வளையத்தைக் கலந்து, அளவைக் கூட்டிக் குறைத்து, இரண்டையும் இரண்டு மலையாகப் பிரித்துக் காட்டினாள்.

காட்டினாளே தவிர, அறிக்கையில் அவள் பெயர் வராது. கூடத்திலிருந்து எந்தத் தாள் வெளியே போனாலும் கீழே மேலாளர் செல்வக்குமாரின் கையெழுத்துதான். நல்ல மனிதர். “எம்மா, உன் வேல நல்ல வேலதான். ஆனா ஒப்பு போடணும்னா அங்கீகாரம் வேணும்லா” என்பார். அங்கீகாரம் தருகிற அமைப்பிலிருந்து ஒருவர் வந்து, பக்கத்தில் நின்று பார்த்து, கேள்வி கேட்டு, திருப்தியானால்தான் மீனலோசினி தன் முறைக்குத் தானே கையெழுத்திட முடியும். அன்றைக்குத் தவறினால் அடுத்த வருடம். கல்யாணம், வீடு, ஸ்கூட்டி என்று எதற்கும் பேஸ்லைன் வரட்டும் என்று சொல்கிறவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டாள். “நான் பாத்தத நான் பாத்தேன்னு சொல்லணும்ணே. வேற ஒண்ணும் வேண்டாம்” என்று அண்ணனிடம் ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. மற்ற எல்லாரிடமும் பேசினான்.

போன ஆடித்தபசு முடிந்த கையோடு அந்த நாள் குறித்து வந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் நெல்லையம்மாள் வளர்த்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கழுவுவார்கள். முந்தின நாள் சாயங்காலம் மீனலோசினியும் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற நஸ்ரின் பானுவும் மேசை, தராசு, கண்ணாடிக் குடுவை எல்லாம் கழுவினார்கள். கடைசியாக இயந்திரத்தின் உட்குழாய்களையும் கழுவவேண்டும். அதற்கு மெத்தனால் விடுவது கூடத்தின் வழக்கம். “மெத்தனால்ல கழுவாத மெஷினும் குளிக்காத மாப்பிள்ளையும் ஒண்ணு” என்பது செல்வக்குமாரின் வேதவாக்கு. சுவரில்கூட, “வேலை முடிந்ததும் மெத்தனாலால் கழுவவும்” என்று நீல எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டுத்தாள் கைலாசம் கடையில் வெட்டியது.

மாவு வளையம் தண்ணீரில் கரையும். மெத்தனாலைக் கண்டால் விறைத்துக்கொண்டு வெள்ளையாகப் படிந்துவிடும். ஆகையால் வளையம் ஓடிய குழாயில் முதலில் தண்ணீர் விட்டு, அது முழுக்க வெளியேறிய பிறகே மெத்தனால் விடவேண்டும். இது மீனலோசினிக்குத் தெரியும். நஸ்ரினுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் கழுவுகிற கைக்குப் படிப்பு கிடையாது. கை பழைய பழக்கத்தில் மெத்தனால் புட்டியை மாட்டியது.

காலையில் இயந்திரத்தைப் போட்டதும் அழுத்தம் விறுவிறுவென்று ஏறி, பம்பு ஒரு கூச்சல் போட்டுவிட்டு நின்றது. மறுபடி போட்டார்கள். மறுபடி நின்றது. மீனலோசினி புட்டியைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள்.

“மாவு அடச்சிக்கிட்டு” என்றாள்.

“யா அல்லா” என்று நஸ்ரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்வக்குமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “ஒண்ணும் ஆகல. அங்கீகாரத்துக்குப் பாக்க வார அம்மாகிட்ட கரண்டு இல்லன்னு சொல்லிருவோம். ஒரு மாசம் தள்ளி வாங்குதேன்.”

“வெந்நி விட்டா கரையும் சார். பைய விடணும்.”

“பையன்னா எம்புட்டு நேரம்?”

“பையன்னா பையதான்.”

இதே நேரத்தில் வரவேற்பறையில் கைலாசம் தூக்குச்சட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தான். முக்கியமான நாள் என்று புளியோதரையும் தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றலும். பக்கத்து நாற்காலியில், நரைத்த தலையை இழுத்து முடிந்து, மடியில் ஒரு துணிப்பை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் இருந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. உள்ளே எல்லாரும் குழாயைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?” என்று அந்த அம்மாள்தான் முதலில் கேட்டார்.

“தங்கச்சிக்குச் சாப்பாடும்மா. இங்கன அவதான் எல்லாம். இன்னைக்கு மதுரையிலேருந்து யாரோ ஒரு அம்மா வாராங்களாம், அவளுக்குப் பரீட்ச வைக்க. பாவம், அந்தம்மாவுக்கு இவ பேசுதது வெளங்கணுமே.”

“அவ்வளவு பெரிய ஆளா?”

இந்தக் கேள்வியைக் கைலாசத்திடம் கேட்கக் கூடாது. மெதுவாக ஓட்டிய சைக்கிளில் ஆரம்பித்து, அம்மைக் கொப்புளம், பெரியப்பா எல்லாம் வரிசைப்படி வந்தன. கேட்கிறவர் நன்றாகக் கேட்டதால், இதுவரை யாருக்கும் காட்டாத ஒன்றையும் அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். தேக்குக் கைப்பிடி போட்ட ரப்பர் ஸ்டாம்பு.

அந்த அம்மாள் அதைத் திருப்பி, இடவலமாக இருந்த எழுத்தைத் தடுமாறாமல் வாசித்தார். “கோ. மீனலோசினி, எம்.எஸ்ஸி. அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்.” பிறகு, “இது எப்போ செஞ்சது?” என்றார்.

“அது ஆச்சும்மா. அவ இங்கன வேலைக்குச் சேந்தப்பவே செஞ்சு வச்சிட்டேன்.”

“அங்கீகாரம் வர்றதுக்கு முன்னாடியேவா?”

“வரத்தானே போவுது.”

“இதை எந்தத் தாள்லயாவது குத்தியிருக்காங்களா?”

“அவளுக்கு இப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது. ரப்பரப் பாருங்க, மை பட்டிருக்கா?”

“கொஞ்சம் என்கிட்ட இருக்கட்டும்” என்று அந்த அம்மாள் ஸ்டாம்பைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்போது உள்ளிருந்து வந்த செல்வக்குமார் அவரைப் பார்த்துவிட்டு, கைக்குட்டையோடு சேர்த்துக் கும்பிட்டு, “சண்முகசுந்தரி மேடம், எப்ப வந்தீங்க, யாரும் சொல்லலையே” என்றார்.

கைலாசத்துக்குத் தூக்குச்சட்டி கனத்தது. அவன் தொழிலில், அதிகாரம் வராத ஆளுக்கு அதிகார முத்திரை வெட்டுவது என்ன குற்றம் என்று அவனுக்குத் தெரியாதா? அலுவலகக் கடிதம் இல்லாமல் ஒரு சீலும் வெட்டமாட்டேன் என்று தாசில்தாரின் உதவியாளரையே திருப்பி அனுப்பியவன். கண்ணாடித் தடுப்பு வழியாக உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். காதில் பாதிதான் விழுந்தது. மீதியை நஸ்ரின் பிறகு சொன்னாள்.

சண்முகசுந்தரி ஸ்டாம்பை எடுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “இது என்னம்மா?”

மீனலோசினி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தாள். அவன் கூழ்வற்றல் டப்பாவைத் திறந்து மூடினான்.

“எங்க அண்ணன் செஞ்சது மேடம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ரப்பர உரிச்சிருப்பேன்.”

“மெஷின் ஏன் ஓடலை?”

“கரண்டு...” என்று செல்வக்குமார் ஆரம்பித்தார். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வாக்கியத்தைப் பாதியில் விட்டார்.

“கரண்டு இருக்கு மேடம்” என்றாள் மீனலோசினி. “தப்பு என்னோடது. நேத்து மாவு ஓடின குழாய்ல தண்ணி விடாம மெத்தனால் விட்டுட்டேன். அடச்சிருக்கு.”

“விடக் கூடாதுன்னு தெரியாதா?”

“தெரியும். நீங்க வாரீங்கன்னு கழுவுதேன்னு செஞ்சது.”

“இப்போ என்ன செய்யப் போற?”

“பிரகாரத்த...” என்று வாய் தவறி, “இரும்புக் குழாய மட்டும் தனியாக் கழத்தி வச்சிட்டேன். மத்ததுக்கு வெந்நி விடுதேன், பைய. அவசரப்படுத்தினா மாவு இன்னும் உள்ள போயி இறுகிரும். எப்பம் சரியாகும்னு எனக்குத் தெரியாது மேடம். நீங்க இன்னைக்கே முடியாதுன்னு எழுதினாலும் அது சரிதான்.”

சண்முகசுந்தரி சுவரில் இருந்த நீல ஒட்டுத்தாளை வாசித்தார். துணிப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நாற்காலியை இயந்திரத்துக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “விடு, பார்ப்போம்” என்றார்.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் நடந்தது, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்க, பால் காய்வதற்காக எல்லாரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருந்தது. வெந்நீர் சொட்டுச் சொட்டாகப் போனது. நஸ்ரின் நடுநடுவே வெளியே வந்து, கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் சொல்வதுபோல, “இறங்குது அண்ணே” என்பாள். அடுத்த முறை, “நிக்குது அண்ணே” என்பாள். செல்வக்குமார் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாமே என்று இரண்டு தடவை பம்புப் பக்கம் கையை நீட்டினார். இரண்டு தடவையும் மீனலோசினி, “சார், பேஸ்லைன்” என்றாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தைச் சண்முகசுந்தரி வீணாக்கவில்லை. கேள்வியாகக் கேட்டார். வளையத்தை ஏன் இந்த அளவில் கலந்தாய், கூட்டினால் என்ன, வெயில் காலத்தில் பிரிவது மாறுமா, வளையம் கலந்த தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்.

“தோசமாவு மாதிரி மேடம். அன்னன்னைக்குக் கலக்கணும். விட்டு வச்சா பாசி பிடிக்கும்.”

“எப்படித் தெரியும்?”

“ஒருக்க லீவுல மறந்துட்டுப் போயி, பாசி பிடிக்க விட்டுட்டேன்.”

“நீ செஞ்ச தப்பையெல்லாம் நீயே சொல்லிட்டா நான் எதைக் கண்டுபிடிக்கிறது?” என்றார் சண்முகசுந்தரி. சிரித்த மாதிரி தெரியவில்லை என்று நஸ்ரின் சொல்கிறாள்.

மத்தியானம் சாப்பிடப் புளியோதரையை வெளியறைக்குக் கொண்டுவந்தார்கள். சண்முகசுந்தரி தன் துணிப்பையிலிருந்த ரொட்டியை மட்டும் சாப்பிட்டார். சோதிக்க வந்த இடத்தில் கை நனைப்பதில்லையாம். கைலாசம் தன் பங்கைச் சாப்பிடாமல் எதிரே நின்றான்.

“அம்மா, அந்த ஸ்டாம்பு என் புத்திகெட்ட வேல. அதுக்கு என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. அவள ஒண்ணும் எழுதிராதீங்க.”

“உங்களை எழுத என் தாள்ல இடமே கிடையாது” என்றார் அவர். “பார்த்ததை எழுதுவேன். உட்கார்ந்து சாப்பிடுங்க.”

பொழுது மேற்கே சாய்கிற நேரத்தில் அழுத்தம் தன் பழைய இடத்துக்கு இறங்கி நின்றது. கழற்றிய குழாயை மாட்டினார்கள். அன்றைக்குப் புதிதாகக் கலந்து வடிகட்டிய வளையத் தண்ணீரை ஓடவிட்டார்கள். திரையில் கோடு முதலில் ஆடியது, பிறகு தளர்ந்தது, பிறகு படுத்துக்கொண்டது. மீனலோசினி இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செல்வக்குமார் மறுபடி கைக்குட்டையை எடுத்தார். அதற்குப் பிறகுதான் கீரைச்சாற்றைச் செலுத்தினாள்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற கைலாசத்துக்குத் திரை சிறியதாகத்தான் தெரிந்தது. ஒரு மலை எழும்பியது. இறங்கி இறங்கி, அடிக்கோட்டையே தொட்டது. அங்கிருந்து இரண்டாவது மலை எழும்பியது. சண்முகசுந்தரி விரலை நீட்டி இரண்டு மலைக்கும் நடுவே வைத்தார். விரல் வைக்க இடம் இருந்தது.

“இன்னொரு தடவை” என்றார்.

மறுபடியும் அப்படியே வந்தது. அவர் மூன்றாவது தடவையும் கேட்டுப் பார்த்துவிட்டு, துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். ஸ்டாம்பைக் கொண்டுபோய்விட்டார். வாசலில் செல்வக்குமாரிடம், “அந்தச் சுவர்ல இருக்கிறதை மாத்துங்க” என்றது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது.

அன்று ராத்திரிக்குள் மாற்றியாயிற்று. “வளையம் ஓடிய நாளில் முதலில் வெந்நீர், பிறகே மெத்தனால்” என்று கைலாசம் வெட்டிக் கொடுத்தது தேர்தல் விளம்பர அளவில் இருந்தது. இப்போது அந்தச் சுவரில் வேறு எதையும் ஒட்ட முடியாது.

உத்தரவு வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கைலாசம் கடைக்கு வந்தவர்களிடமும் தங்கை புராணத்தை நிறுத்திவிட்டான். “ஏம் அண்ணாச்சி, மேலுக்குச் சொகமில்லையா?” என்று அப்துல்லா டீயைக் கையில் கொண்டுவந்து கொடுத்து விசாரித்தார்.

உத்தரவு வந்தபோது அதில் மீனலோசினியின் தவறும் இருந்தது. தவறை மறைக்காமல் சொல்லிச் சரிசெய்ததும் இருந்தது. கடைசி வரியில் அனுமதியும் இருந்தது. ஸ்டாம்பு பற்றி ஒரு சொல்கூட இல்லை.

“புதுசா ஒண்ணு வெட்டவாட்டி? இப்பம் முறையாத்தானே இருக்கு” என்று கைலாசம் கேட்டான்.

“வேண்டாம்ணே. கையெழுத்து மட்டும் போதும்.”

முதல் அறிக்கை, பனவடலிசத்திரத்துக் கீரைப்பொடிக்கு. இரட்டைப் பிள்ளைகள் தனித்தனி வரியில், தனித்தனி அளவோடு அச்சாகியிருந்தார்கள். செல்வக்குமார் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, இருக்கையைத் துண்டால் தட்டி, “உக்காரும்மா” என்றார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே தாளை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்தாள், திரும்பவும் மேலே போய் வாசித்தாள். பேனாவை எடுத்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற கைலாசம் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நெருங்கினான்.

பெயரைத் தமிழில், முழுதாக, அவசரமில்லாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அந்த இடத்தை விரல் நுனியால் தடவி, அழுத்தம் பதிந்திருக்கிறதா என்று பார்த்தாள். பதிந்திருந்தது. முன்பக்கம் திருப்பி, கையெழுத்துக்குக் கீழே தேதியை எழுதினாள்: 13 செப்டம்பர் 2024.